மலையில்லா ஊரில் ஒரு மலை
பஹார்பூர் செங்கல் விகாரையின் கதை

வங்காள மொழியில் 'பஹார்' என்றால் மலை. 'பூர்' என்றால் ஊர். ஆனால் பங்களாதேஷின் வடமேற்கே, நௌகாவ் மாவட்டத்தில் உள்ள பஹார்பூர் என்னும் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தால் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல்தான். பேருக்குக் கூட ஒரு பாறை இல்லை. அப்படியானால் இந்த ஊருக்கு மலையூர் என்று பெயர் வந்தது எப்படி?

சகோதரிகளே, அந்தச் சமவெளியின் நடுவே ஒரு பெரிய மேடு இருந்தது. ஏறத்தாழ 70 அடி உயரம். அதன்மீது புல்லும் பற்றையும் மரங்களும் வளர்ந்திருந்தன. பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த மக்கள் அதை ஒரு குன்று என்றே எண்ணி, ஊருக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். உண்மையில் அது குன்றல்ல. மண்மூடிக் கிடந்த ஒரு மாபெரும் செங்கல் கோயில். சோமபுர மகாவிகாரை என்பது அதன் பழைய பெயர். இமயமலைக்குத் தெற்கே இதுவரை கண்டறியப்பட்ட பௌத்த விகாரைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இது.

அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வானளாவ நிற்கும் செங்கல் தாதுகோபங்களை நம்மில் பலர் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். ஆனால் இன்று மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் முஸ்லிம்களாக வாழும் ஒரு நாட்டில், இத்தகைய பௌத்தப் பெருங்கட்டடம் ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் கதையில் நமக்கும் தொடர்புள்ள சில பக்கங்கள் இருக்கின்றன. சற்றுப் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்போம்.

மேட்டைத் திறந்தவர்கள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வங்காளத்தின் மாவட்டங்களை ஆராய்ந்து எழுதிய புக்கானன் ஹமில்டன் இந்த மேட்டைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1879இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் வந்தார். அவர் மேட்டை அகழ விரும்பினார். ஆனால் காணிக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் அதற்கு இடமளிக்கவில்லை. எனவே மேற்பரப்பை மட்டும் சோதித்துவிட்டு அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

அந்த மறுப்பு ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது எனலாம். அக்காலத்து அகழ்வுகள் பலவும் புதையல் தேடும் அவசரத்தில் நடந்தவை. மேடு இன்னும் நாற்பது ஆண்டுகள் உறங்கியது. 1919இல் அது பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1923இல் இந்தியத் தொல்பொருள் துறையும், ராஜ்ஷாஹியிலிருந்த வரேந்திர ஆராய்ச்சிக் கழகமும், கல்கத்தாப் பல்கலைக்கழகமும் கூடி அகழ்வைத் தொடங்கின. பின்னர் கே.என்.தீட்சித் என்னும் அறிஞர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு, 1930களின் நடுப்பகுதிக்குள் கோயிலையும் விகாரையையும் வெளிக்கொணர்ந்தார். அவருடைய விரிவான அறிக்கை 1938இல் வெளிவந்தது. பங்களாதேஷ் சுதந்திரம் பெற்ற பின்னர், 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தொல்பொருள் துறையினர் மீண்டும் தோண்டி, மேலும் பல விடயங்களைக் கண்டறிந்தார்கள்.

ராமி என்றொரு பெண்மணி

அகழ்ந்தவர்களுக்குக் கிடைத்தவற்றுள் ஒரு செப்பேடும் இருந்தது. குப்த ஆண்டு 159, அதாவது கி.பி. 479 அளவில் எழுதப்பட்டது. அதைப் படித்தவர்கள் வியப்படைந்தார்கள். நாதசர்மன் என்னும் ஒரு பிராமணரும் அவருடைய மனைவி ராமி என்பவரும் மூன்று தீனாரம் பொற்காசு கொடுத்துக் காணி வாங்கி, வடகோஹாலி என்னும் இடத்திலிருந்த ஒரு சமணப் பள்ளிக்கு அதை அன்பளிப்புச் செய்ததாக அதில் எழுதியிருந்தது. அங்கே நடக்கும் வழிபாட்டுக்குச் சந்தனமும் பூவும் விளக்கும் வாங்குவதற்காகவும், தங்குமிடம் அமைப்பதற்காகவும் அந்தக் காணி கொடுக்கப்பட்டது. பஹார்பூருக்கு அருகிலுள்ள கோவல்பிட்டா என்னும் கிராமத்தின் பெயரில் அந்தப் பழைய வடகோஹாலியின் சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இரண்டு விடயங்களை இங்கே கவனியுங்கள். 1500 ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு சமயத்தாரின் பள்ளிக்கு, கணவனும் மனைவியும் சேர்ந்து காணி கொடுத்திருக்கிறார்கள். அரச ஆவணத்தில் கணவன் பெயரோடு மனைவியின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து எத்தனையோ செல்வந்தர்களின் பெயர்கள் காற்றோடு போய்விட்டன. ராமியின் பெயர் செம்பில் நின்றுவிட்டது.

மற்றொன்று, அந்தக் காசின் பெயர். 'தீனாரம்' என்பதும் அரபு மொழியில் நாம் அறிந்த 'தீனார்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ரோமர்களின் 'தெனாரியஸ்' என்ற காசின் பெயர்தான் வணிகர்களின் மடியோடு ஒரு பக்கம் இந்தியாவுக்கும், மறுபக்கம் அரபு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

தர்மபாலரின் விகாரை

செப்பேடு எழுதப்பட்டு மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. வங்காளத்தையும் பீஹாரையும் பால வம்சத்து மன்னர்கள் ஆண்டார்கள். அவர்கள் பௌத்தர்கள். அந்த வம்சத்தின் இரண்டாவது அரசரான தர்மபாலர் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆட்சி செய்தவர். பஹார்பூரைக் கட்டியவர் அவரே. இதற்குச் சான்று, அகழ்வில் கிடைத்த சிறிய களிமண் முத்திரைகள். 'சோமபுரத்திலுள்ள தர்மபாலரின் மகாவிகாரையைச் சேர்ந்த பிக்குகள் சங்கம்' என்னும் கருத்துப்பட அவற்றில் எழுத்துப் பொறித்திருந்தது. கடிதங்களையும் பொதிகளையும் கட்டி முத்திரை வைக்கப் பயன்பட்ட கைப்பிடி மண், 1100 ஆண்டுகளுக்குப் பிறகு கட்டடத்தின் பெயரையும் கட்டியவரின் பெயரையும் சொல்லிவிட்டது.

நாலந்தா, விக்கிரமசீலம், ஓதந்தபுரி, ஜகத்தளம் ஆகியவற்றோடு சோமபுரமும் சேர்ந்து அக்காலத்தின் ஐந்து பெரிய கல்வி நிலையங்களாக விளங்கின. மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வந்தார்கள். பின்னாளில் திபெத்துக்குச் சென்று அங்கு பௌத்தத்தைப் புதுப்பித்த அதீச தீபங்கரர் சோமபுரத்தில் தங்கியிருந்து நூல் மொழிபெயர்த்தவர். 1054இல் திபெத்திலேயே காலமான அவரை இன்றும் வங்காள மக்கள் தங்கள் மண்ணின் மைந்தர் என்று பெருமையோடு நினைவுகூருகிறார்கள்.

177 அறைகளும் ஒரு குசினியும்

இனி நாம் கட்டடத்துக்குள் நுழைவோம். ஒரு பெரிய சதுரத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 900 அடி நீளம். 18 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. பிரதான வாயில் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. சதுரத்தின் நான்கு பக்கமும் கோட்டைபோல் தடித்த மதில். அந்த மதிலின் உட்புறத்தை ஒட்டி வரிசையாக அறைகள். வடக்கில் 45, மற்ற மூன்று பக்கமும் 44 வீதம், எல்லாமாக 177. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 அடிச் சதுரம். அறைகளுக்கு முன்னால் தொடர்ச்சியான தாழ்வாரம். தாழ்வாரத்திலிருந்து படியிறங்கினால் பரந்த முற்றம். முற்றத்தின் நடுவே கோயில்.

ஒரு காலத்தில் இந்த அறைகள் அனைத்திலும் பிக்குகள் வாழ்ந்தார்கள். பின்னர் 92 அறைகளில் அலங்காரப் பீடங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. வசிப்பதற்கென்று கட்டிய அறைகள் காலப்போக்கில் வழிபாட்டு அறைகளாக மாறிவிட்டதை அவை காட்டுகின்றன.

இவ்வளவு பேருக்கும் யார் சமைத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்ற கேள்வி வரலாற்றாசிரியர்களுக்கு முதலில் தோன்றாவிட்டாலும் நமக்குத் தோன்றும் அல்லவா? அதற்கும் விடையிருக்கிறது. முற்றத்தின் தென்கிழக்குப் பகுதியில் குசினியும், கூடியிருந்து உண்பதற்கான நீண்ட சாப்பாட்டு மண்டபமும் இருந்தன. அவற்றுக்கிடையே கழிவுநீர் ஓடுவதற்கென்று செங்கல்லால் கட்டிய நீளமான வடிகான். பக்கத்திலேயே வரிசையாக மூன்று பெரிய கிணறுகள். தெற்கு மதிலுக்கு வெளியே, சற்றுத் தள்ளி, உயரமான ஒரு மேடை. அதில் குளியலறைகளும் மலசலகூடங்களும். தண்ணீர் வெளியேறத் துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து அங்கு போவதற்கு உயர்த்திக் கட்டிய ஒரு பாதை. குடிக்கும் நீரும் கழிவு நீரும் கலக்காதபடி கிணற்றை ஒரு பக்கமும் கழிப்பிடத்தை மறு பக்கமும் வைத்த அந்தக் கட்டடக்காரர்களின் அறிவை, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கப் பாடுபடும் நாம்தான் சரியாக மதிப்பிட முடியும்.

நடுவில் நிற்கும் கோயில்

முற்றத்தின் நடுவிலுள்ள கோயில்தான் அந்த 'மலை'. அதன் தரையமைப்பு சிலுவை வடிவம் கொண்டது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 356 அடி, கிழக்கு மேற்காக 314 அடி. சிலுவையின் கைகளுக்கிடையே உள்ள மூலைகள் படிப்படியாக வெளியே தள்ளிக் கட்டப்பட்டிருக்கின்றன. இதனால் சூரியன் நகர நகரச் சுவர்களில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழும்.

மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடச் சிறியது. நடுவில், அடியிலிருந்து மேல்வரை, சதுரமான ஒரு கூடு எழுகிறது. அதற்குள் வாசல் இல்லை. உள்ளே போவதற்காக அது கட்டப்படவில்லை. முழுக் கட்டடத்தின் பாரத்தையும் தாங்கும் முதுகெலும்பாக அது கட்டப்பட்டது. அதைச் சுற்றி இரண்டாம் அடுக்கில் நான்கு திசைக்கும் ஒவ்வொரு வழிபாட்டு அறை, அதன் முன்னே ஒரு மண்டபம். அவற்றைச் சுற்றி வலம் வருவதற்கான பாதை. வடக்கிலுள்ள படிக்கட்டால் மேலே ஏறவேண்டும். உச்சிப் பகுதி காலத்தால் அழிந்துவிட்டது. எஞ்சி நிற்பதே சுமார் 70 அடி.

இத்தனையும் செங்கல். வங்காளம் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணால் ஆன தேசம். கருங்கல் வேண்டுமானால் வெகு தொலைவிலிருந்து வள்ளத்தில் ஏற்றிவர வேண்டும். ஆனால் களிமண்ணுக்கும் நீருக்கும் அங்கே பஞ்சமே இல்லை. மண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, வெயிலில் காயவைத்து, சூளையில் சுட்டுக் கல்லாக்கினார்கள். ஒரு கல்லோடு மற்றக் கல்லை ஒட்டச் சீமெந்தும் இல்லை, சுண்ணாம்புச் சாந்தும் இல்லை. குழைத்த மண்தான் சாந்து. சுவரின் விளிம்புகளில் முறுக்கிய கயிறு போலவும், தாமரை இதழ் போலவும், படிக்கூம்பு போலவும் செதுக்கிய செங்கற்களை வரிசையாகப் பதித்து அழகு செய்திருக்கிறார்கள்.

அடித்தளத்தில் 63 கற்சிற்பங்கள் பொருத்தப்பட்டிருந்தன. பௌத்தக் கோயிலில் புத்தர் சிலைகளைத்தானே எதிர்பார்ப்போம்? ஆனால் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் இந்து சமயச் சிற்பங்கள். கிருஷ்ணரின் இளமைக் கதைகள், சிவன், பலராமர் என்று பலவும் உண்டு. அரசரின் சமயம் ஒன்று. நாட்டில் வாழ்ந்த மக்களின் சமயங்கள் பல. அந்தக் கோயிலின் அடித்தளம் இரண்டையும் சேர்த்தே தாங்கியது.

சிலுவை வடிவமும் அடுக்கடுக்கான மேடைகளும் கொண்ட இந்த அமைப்பு கடல் கடந்தும் சென்றது. மியன்மார், ஜாவா, கம்போடியா ஆகிய நாடுகளின் கோயில்களில் பஹார்பூரின் சாயல் தெரிகிறது என்பது அறிஞர்களின் கருத்து.

சுவரில் ஓர் ஊர்

பஹார்பூரின் உண்மையான செல்வம் அதன் சுவர்களில் பதிக்கப்பட்ட சுடுமண் ஓடுகள். அகழ்ந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை சுவரிலேயே இருந்தன. இன்னும் சுமார் 800 ஓடுகள் உதிர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஓர் அடிக்குச் சற்று மேல் உயரம். ஈரக் களிமண்ணில் உருவம் செய்து சூளையில் சுட்டவை.

அவற்றைச் செய்தவர்கள் அரண்மனைச் சிற்பிகளல்லர். கிராமத்துக் கைகள்தான் செய்திருக்கின்றன என்பது பார்த்தவுடனே விளங்கும். கிணற்றடியில் குடத்தோடு நிற்கும் பெண். பிள்ளையை இடுப்பில் ஏந்திய தாய். கலப்பையைத் தோளில் சுமந்து வயலுக்குப் போகும் கமக்காரன். மீன் வெட்டுகிறவர்கள், கூடையில் மீனைச் சுமந்து சந்தைக்குப் போகிறவர்கள். தாளமும் புல்லாங்குழலும் மத்தளமும் வாசிப்போர். கழைக்கூத்தாடி. வில்லேந்திய போர்வீரன். இலைகளை ஆடையாக உடுத்திய சபரர் என்னும் காட்டுமக்கள். மூட்டையைத் தடியில் தொங்கவிட்டு நடக்கும் மெலிந்த துறவி. யானை, குரங்கு, மான், பன்றி, அன்னம், மீன், பாம்பு, கீரி.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதைகளும் அங்கே இருக்கின்றன. கிணற்றில் தன் நிழலைப் பார்த்து வேறொரு சிங்கம் என்று பாய்ந்த சிங்கத்தை ஒரு முயல் ஏமாற்றிய கதை நமக்குத் தெரியாததா? மரத்துண்டிலிருந்து ஆப்பை இழுத்து அகப்பட்டுக்கொண்ட குரங்கின் கதை? அவை பஞ்சதந்திரக் கதைகள். இரண்டுமே பஹார்பூர் ஓடுகளில் உண்டு. பின்னர் இந்தக் கதைகளே பாரசீகத்துக்குப் போய், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பஃ என்பவரால் 'கலீலா வ திம்னா' என்று அரபு மொழியில் எழுதப்பட்டன. தர்மபாலரின் குயவர்கள் சுவரில் அந்தச் சிங்கத்தை வார்த்த காலத்தில், பக்தாதில் அதே சிங்கத்தின் கதையை அரபியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாரூன் ரஷீதின் வெள்ளிக்காசு

பக்தாதைப் பற்றிச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. பஹார்பூர் விகாரையின் இடிபாடுகளுக்குள் ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. அதில் அரபு எழுத்து. ஹிஜ்ரி 172, அதாவது கி.பி. 788. முஹம்மதிய்யா என்னும் நகரத்து நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது. கலீபா ஹாரூன் அர்-ரஷீத் அவர்களின் திர்ஹம் அது.

ஹாரூன் ரஷீதும் தர்மபாலரும் ஒரே காலத்தவர்கள். ஒருவர் பக்தாதில் அறிஞர்களை ஆதரித்தார். மற்றவர் வங்காளத்தில் விகாரைகளைக் கட்டினார். இருவரையும் இணைத்தது வாணிபம். வங்காளத்தின் மைனாமதி என்னும் மற்றொரு பௌத்தத் தலத்திலும் அப்பாஸியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கி.பி. 851இல் எழுதப்பட்ட ஓர் அரபுப் பயண நூல், கடலுக்கப்பால் உள்ள 'ருஹ்மி' என்னும் அரசைப் பற்றிச் சொல்கிறது. அந்நாட்டுப் பருத்தித் துணி எவ்வளவு மெல்லியது என்றால், ஓர் ஆடையை முழுவதுமாக ஒரு மோதிரத்துக்குள் நுழைத்து எடுத்துவிடலாம் என்று அதை எழுதியவர் வியக்கிறார். ருஹ்மி என்பது பால மன்னர்களின் வங்காளமே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பின்னாளில் உலகமெங்கும் புகழ்பெற்ற டாக்கா மஸ்லின் துணியின் மூதாதையைத்தான் அந்த அரபு வணிகர்கள் கண்டிருக்கிறார்கள்.

வாளேந்திய படை எதுவும் வங்காளத்துக்குள் வருவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, முஸ்லிம்களின் காசு அங்கே புழங்கியது. முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் வணிகர்கள்.

எரித்தது யார்?

இத்தகைய இடிபாடுகளைக் காணும்போது பலர் வாயில் வரும் முதல் வார்த்தை, 'முஸ்லிம் படைகள் இடித்திருக்கும்' என்பதுதான். இந்தக் கேள்வியை நாம் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது.

பஹார்பூர் எரிக்கப்பட்டது உண்மை. அதை எரித்தது 11ஆம் நூற்றாண்டில் வந்த வங்காளப் படை, அதாவது தென்கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த வேறொரு அரசின் படை. நாலந்தாவில் கிடைத்த ஒரு கல்வெட்டு இதைச் சொல்கிறது. கருணாஸ்ரீமித்திரர் என்னும் பிக்கு ஓடித் தப்பாமல் புத்தரின் பாதங்களைப் பற்றிக்கொண்டு தீயில் மாண்டார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அவருடைய மாணவ வழியில் வந்த விபுலஸ்ரீமித்திரர் பின்னர் விகாரையைத் திருத்தி, தாரா என்னும் பெண் தெய்வத்துக்கு ஒரு கோயிலும் கட்டினார். 12ஆம் நூற்றாண்டில் ஆட்சி சேன மன்னர்களின் கைக்கு மாறியது. அவர்கள் பௌத்தத்தை ஆதரிக்கவில்லை. விகாரை மெல்ல மெல்ல வெறிச்சோடியது. அதன் இறுதிக்காலத்தில் பெரும் கொள்ளையோ இடிப்போ நடந்ததற்கான அடையாளம் அகழ்வில் தென்படவில்லை.

அதேவேளை, மற்றப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் பக்தியார் கில்ஜியின் படை பீஹாரில் ஒரு மதில் சூழ்ந்த இடத்தைத் தாக்கி, தலை மழித்த துறவிகளைக் கொன்றதையும், அது கோட்டையல்ல, ஒரு கல்விக்கூடம் என்பதைப் பின்னரே அறிந்ததையும் மின்ஹாஜ் என்னும் முஸ்லிம் வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். அவர் அதை மறைக்கவில்லை. நாமும் மறைக்கத் தேவையில்லை. நடக்காததற்குப் பழி ஏற்க வேண்டியதில்லை. நடந்ததை இல்லையென்று சொல்லவும் வேண்டியதில்லை. எந்த இடத்தில் என்ன நடந்தது என்று அந்தந்த இடத்தின் மண்ணைக் கேட்க வேண்டும். பஹார்பூரின் மண் தெளிவாகவே பதில் சொல்கிறது.

சத்திய பீரின் மேடு

விகாரைக்குக் கிழக்கே, நடந்து போகக்கூடிய தூரத்தில், இன்னொரு மேடு உண்டு. ஊர் மக்கள் அதைச் 'சத்திய பீர் பிட்டா' என்பார்கள். வங்காளத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்து போற்றிய ஒரு பீரின் பெயர் அது. பக்கத்தில் 'சந்தியாவதி படித்துறை' என்றும் ஓர் இடம். சந்தியாவதி என்னும் அரசகுமாரி அங்கே நாள்தோறும் நீராடுவாள் என்றும், அவளுடைய வயிற்றில் அற்புதமாகப் பிறந்தவரே சத்திய பீர் என்றும் கிராமத்தவர்கள் கதை சொல்வார்கள். இது நாட்டார் கதை. அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் அந்த மேட்டை அகழ்ந்தபோது உள்ளே தாராவின் கோயில் இருந்தது. அவள் உருவம் பதித்த சுமார் 50 வட்ட வடிவச் சுடுமண் வில்லைகள் கிடைத்தன. எரிந்த விகாரையைத் திருத்திய விபுலஸ்ரீமித்திரர் கட்டியது இதுவாகவே இருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் எண்ணினார்கள். பௌத்தர்கள் போய்விட்டார்கள். கோயிலின் பெயர் மறந்துவிட்டது. ஆனாலும் அந்த இடம் மதிப்புக்குரியது என்ற நினைவு மட்டும் மக்கள் மனதில் தங்கி, வேறொரு பெயரைச் சூடிக்கொண்டது.

கோயிலிலிருந்து பள்ளிவாசலுக்கு

விகாரை மண்ணுக்குள் போனாலும் கொத்தனும் குயவனும் ஊரைவிட்டுப் போகவில்லை. செங்கல் சுடுவதும் களிமண்ணில் கோலமிடுவதும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டேயிருந்தன. வங்காளத்து சுல்தான்கள் பள்ளிவாசல்களைக் கட்டியபோது அந்தக் கைகளே அங்கும் வேலை செய்தன. முஸ்லிம் கட்டடக்காரர்கள் சுண்ணாம்புச் சாந்தையும் வளைவையும் குவிமாடத்தையும் பரவலாக்கினார்கள். மண்ணின் மைந்தர்கள் செங்கல்லையும் சுடுமண் அலங்காரத்தையும் கொடுத்தார்கள். மனித உருவமும் மிருக உருவமும் நீங்கின. பூவும் கொடியும் கனியும் சங்கிலி மணியும் சுவரை நிறைத்தன.

ராஜ்ஷாஹி மாவட்டத்திலுள்ள பாகா பள்ளிவாசல் 1523இல் சுல்தான் நுஸ்ரத் ஷா கட்டியது. அதன் சுவரைப் பார்த்தால் செங்கல்லில் சரிகை நெய்தது போலிருக்கும். தெற்கே பாகேர்ஹாட்டில், 1459இல் காலமான கான் ஜஹான் அவர்கள் கட்டிய 'அறுபது குவிமாடப் பள்ளிவாசல்' இருக்கிறது. பெயர்தான் அறுபது, கூரையில் 77 குவிமாடங்கள். அதுவும் செங்கல் கட்டடமே.

1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் பங்களாதேஷிலிருந்து முதன்முதலாக இரண்டு இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒன்று பாகேர்ஹாட் பள்ளிவாசல் நகரம். மற்றொன்று பஹார்பூர் விகாரை. இரண்டையும் அந்த நாடே முன்மொழிந்தது. இரண்டும் எங்களுடையவை என்றது.

உப்பு என்னும் எதிரி

தீயையும் மழையையும் மறதியையும் தாங்கிய அந்தச் சுவர்களுக்கு இப்போது வேறோர் எதிரி. அது உப்பு.

மாரி முடிந்தபின் வீட்டுச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பஹார்பூரில் நடப்பதும் அதுதான். தாழ்நிலம் ஆகையால் மழைக்காலத்தில் முற்றத்தில் நீர் தேங்கும். செங்கல்லில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது நிலத்தடி நீரை மேலே உறிஞ்சும். நீரோடு கரைந்த உப்பும் ஏறும். வெயிலில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மாத்திரம் கல்லின் தோலுக்கு அடியில் தங்கிப் பளிங்காகப் பருக்கும். உள்ளிருந்து தள்ளும். கிணற்றடிப் பெண்ணின் முகமும், தாயின் கையும், சிங்கத்தின் பிடரியும் துகள் துகளாக உதிர்ந்துபோகும்.

1980களில் பஹார்பூரையும் பாகேர்ஹாட்டையும் ஒருங்கே காப்பாற்ற யுனெஸ்கோவின் உதவியோடு திட்டங்கள் வகுக்கப்பட்டன. தேங்கும் நீரை வெளியேற்ற வடிகால் அமைத்தார்கள். மூல ஓடுகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அவை இருந்த இடத்தில் அதேபோல் புதிதாகச் செய்த ஓடுகளைப் பதித்தார்கள். சுவரிலிருந்து பிரித்தால் ஓட்டின் உயிர் போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். சுவரிலேயே விட்டால் ஓடே போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பழையதைக் காப்பாற்ற முனைகிறவர்கள் எவருக்கும் இந்தச் சங்கடம் வரும்.

சகோதரிகளே, பஹார்பூர் வெகு தொலைவு. நம்மில் அநேகர் அங்கு போகப்போவதில்லை. ஆனால் நமது ஊர்களிலும் பழைய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தூணில் வேலைப்பாடு, கதவில் செதுக்கல், ஹவுழின் ஓரத்தில் ஒரு பழைய எழுத்துக் கல், மையவாடியில் ஒரு மீஸான் கல். புதிதாகப் பெருப்பித்துக் கட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அவை சில வேளைகளில் உடைபட்டு அத்திவாரத்துக்குள் போய்விடுகின்றன. பிறகு, 'நீங்கள் எப்போது இந்த ஊருக்கு வந்தீர்கள்?' என்று எவராவது கேட்கும்போது காட்டுவதற்கு நம்மிடம் கல்லும் இல்லை, ஏடும் இல்லை.

ஒரு கைப்பிடி களிமண் முத்திரைதான் தர்மபாலரின் பெயரைச் சொன்னது. ஒரு சிறு காசுதான் ஹாரூன் ரஷீதின் காலத்து வணிகர்களைச் சொன்னது. ஒரு செப்புத் தகடுதான் ராமியைச் சொன்னது. பெரிய மன்னர்களின் பெரிய வாக்குறுதிகள் எதுவும் இவற்றைக் காக்கவில்லை. மண் மூடிக் காத்தது. அகழ்ந்தவர்கள் அவசரப்படாமல் சல்லடையில் அரித்துக் காத்தார்கள்.

உங்கள் பிள்ளைகளை விடுமுறையில் அநுராதபுரத்துக்கோ பொலன்னறுவைக்கோ அழைத்துப் போகும்போது, அந்தச் செங்கல் சுவர்களுக்கு முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். அவற்றைத் தொட்டுக் கிறுக்கவும் ஏறி மிதிக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள். ஒரு முஸ்லிம் கிராமம் தன் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு பௌத்தக் கோயிலை ஊரின் பெயராகவே சுமந்துகொண்டிருக்கிறது என்ற கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், ஊரிலுள்ள மூத்த உம்மம்மாவிடமோ வாப்பும்மாவிடமோ உட்கார்ந்து, நமது பள்ளிவாசலைக் கட்டியவர்கள் யார், அதன் பழைய கல் எங்கே என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.